சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் மொட்டைமாடியில் காஸ்மிக் கதிர்: ரேடியோ மட்டும் போதுமா?

நெட்டலை:
விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரை நம்ம மொட்டைமாடியில் பிடிக்க ரெண்டு டைபோல் (கம்பி ஆன்டெனா), ரெண்டு ஆர்டிஎல்-எஸ்டிஆர் (கணினியில் செருகும் ரேடியோ டாங்கிள்), ஒரு ராஸ்பெர்ரி பை (சின்னக் கணினி) போதும். ரெண்டிலும் ஒரே நேரத்தில் துடிப்பு வந்தால் காற்றுப்பொழிவு, அதாவது காஸ்மிக் கதிர் காற்றில் மோதிக் கிளப்பும் துகள் மழை. துகள் டிடெக்டர் எதற்கு? சீனாவின் தியான்ஷான் மலையில் ட்ரெண்ட் ஆய்வுக் குழு 50 ஆன்டெனாவை மட்டும் நம்பித்தானே பிடித்தது! பூமியின் காந்தப்புலமும் நமக்குச் சாதகம்: சிங்கப்பூரில் சுமார் 42 மைக்ரோடெஸ்லா, கிட்டத்தட்ட கிடைமட்டம். அர்ஜென்டினாவின் ஓஜே காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் வெறும் 24.

கருவிப்பெட்டி:
காந்தப்புலம் சரி. செங்குத்தாக இறங்கும் பொழிவில் எலெக்ட்ரானும் பாசிட்ரானும் கிழக்கு மேற்காகப் பிரியும்; அந்தப் பிரிவுதான் ரேடியோ துடிப்பைத் தரும். டைபோலையும் அப்படியே கட்டுங்க. மற்றதெல்லாம் இடிக்குது.

துடிப்பு சில பத்து நானோசெகண்டுதான். ஆர்டிஎல் டாங்கிளின் 2.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில் அது 400 நானோசெகண்டுக்கு இழுபட்டு இரைச்சலில் அமுங்கிவிடும். 30 முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரை முழுசா எடுத்தால் சிக்னல்-இரைச்சல் விகிதம் திறன் கணக்கில் 20 மடங்கு கூடும். அதற்கு லோஃபார் (ஐரோப்பிய ரேடியோ தொலைநோக்கி) போல நொடிக்கு 20 கோடி முறை சிக்னலை அளந்து எண்ணாக்கும் ஏடிசி வேணும். தவிர, தனித்தனி கடிகாரக் கிரிஸ்டலில் ஓடும் ரெண்டு டாங்கிளில் ‘ஒரே நேரம்’ எங்கிருந்து வரும்?

ட்ரெண்ட் இருந்தது ஆளரவமற்ற பள்ளத்தாக்கு. இங்கே மின்தூக்கி மோட்டாரும் எல்இடி விளக்கின் டிரைவர் சுற்றும் தரும் துடிப்பும் ரெண்டு ஆன்டெனாவிலும் சேர்ந்தேதான் விழும்.

நெட்டலை:
நாலு ஆன்டெனா வைத்துத் திசை பார்ப்போம். தொடுவானத்திலிருந்து வருவதைத் தள்ளிவிடலாம்.

கருவிப்பெட்டி:
பக்கத்து புளோக் 40 மாடி என்றால் அதன் எல்இடி தொடுவானத்திலா இருக்கும்?

மின்னல்வாசி:
எண்ணிக்கையையும் பாருங்கப்பா. 3×10^15 எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) மேல் வரும் காஸ்மிக் கதிர் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்று. ஆற்றல் 10 மடங்கானால் எண்ணிக்கை 100-இல் ஒரு பங்குக்கும் கீழே போகும். ரேடியோவில் தெளிவாகத் தெரிய 10^17 பக்கம் வேணும். பக்கத்துக்கு 100 மீட்டர் உள்ள சதுரத்தில் ஆண்டுக்குப் பத்துகூடத் தேறாது. பொய்த் துடிப்போ ஒரு மணி நேரத்திலேயே அதைத் தாண்டும். இடிமேகம் தலைக்கு மேல் நின்றால் அதன் மின்புலமே பொழிவின் சிக்னலை உருமாற்றும். அந்த நேரத் தரவைக் கழித்துவிடணும்.

நெட்டலை:
சரி, நாலு சின்டிலேட்டர் தகடு (துகள் பட்டால் ஒளிரும் டிடெக்டர்), 20 மீட்டர் இடைவெளி. மூன்று தகடு 200 நானோசெகண்டுக்குள் அடித்தால் பஃபரில் தற்காலிகமாக இருக்கும் ரேடியோ பதிவைச் சேமிக்கிறோம். ஒத்துக்கிறீங்களா?

கருவிப்பெட்டி:
அதுதான் வழி. தகடு தரும் பெரும்பாலான ட்ரிகரில் (சேமிக்கச் சொல்லும் சைகை) ரேடியோ காலியாகத்தான் இருக்கும், பயப்படாதீங்க. எஃப்எம் வானொலி 88 மெகாஹெர்ட்ஸிலேயே ஆரம்பிப்பதால் அதைத் தடுக்கும் ஃபில்டரை எல்என்ஏவுக்கு (சிக்னல் பெருக்கி) முன்னால் போடுங்க, இல்லையென்றால் எல்என்ஏ திணறும். 50 ஓம் வரிசையில் 75 ஓம் டிவி கேபிளைச் செருகாதீங்க: 10 மீட்டர் கேபிளில் 100 நானோசெகண்ட் தள்ளி எதிரொலி வரும்.

மின்னல்வாசி:
தகடு வாங்குமுன் ஆன்டெனாவை ஒரு வாரம் சும்மா ஓட விடுங்க. பின்னணி இரைச்சல் விண்மீன் நாளான 23 மணி 56 நிமிடச் சுழற்சியில் ஏறி இறங்கினால் பால்வீதி கேட்கிறது. 24 மணிக்கு ஒருமுறை என்றால் அக்கம்பக்கத்து விளக்கு. ஒரு வாரத்தில் வித்தியாசம் அரை மணிகூட வராது, ஆக நாள் பற்றாவிட்டால் மாதமாக நீட்டுங்க.