லாரி, பஸ் தொல்லை இல்லாமல் சைக்கிள் ஓட்ட டெல்டாவில் எந்தப் பாதை?

குடந்தை மிதிவண்டி:
மெல்லிய டயர் உள்ள ரோடு சைக்கிள் என்னுடையது. நெடுஞ்சாலையில் பஸ்கள் உரசிக்கொண்டு போகின்றன. வயலும் ஆறும் பார்த்தபடி நிம்மதியாக ஓட்ட எங்கே, எந்த மாதம் போகலாம்?

காவிரிக்கரை:
கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு வரை வாருங்கள். கல்லணை–பூம்புகார் சாலையில் பஸ் உண்டு, அதனால் விடிகாலையிலேயே கிளம்பிவிட்டு, வெயில் ஏறியதும் குடமுருட்டி, வெண்ணாற்றுப் பக்கம் ஊர்ச்சாலைகளில் இறங்கிவிடுவது நல்லது. மேடே கிடையாது. ஆனால் கரைமேல் போகும் பாதை பல இடங்களில் வெறும் மண்தான், உங்கள் டயருக்கு ஆகாது, மழை பெய்தால் களிமண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மேட்டூரை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். தண்ணீர் வந்து நடவு முடிந்த பிறகு வந்தால்தான் பச்சை. எனக்குப் பிடித்தது மார்கழி, மழை ஓய்ந்து சம்பா கதிர் பிடித்திருக்கும்.

புது ஆறு:
தை, மாசியில் கவனம் அண்ணா. அறுவடை நேரத்தில் நெல்லையும் வைக்கோலையும் சாலையிலேயே காயப்போடுவார்கள், வைக்கோல் செயினில் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அது அவர்களுடைய ஒரு வருட உழைப்பு. அப்புறம், ஆடியில் மேல்காற்று பலமாக அடிக்கும், கிழக்கே போவது சுகம், திரும்புவது பெரும்பாடு.

குடந்தை மிதிவண்டி:
அப்படியென்றால் மார்கழிதான். பூதலூர் வரை ரயிலில் சைக்கிளைக் கொண்டுவர முடியுமா?

காவிரிக்கரை:
மடக்கு சைக்கிள் என்றால் சிரமமில்லை. மற்றதை ஏற்றுவது பற்றி ஸ்டேஷனில் முதலில் கேட்டுவிடுங்கள்.