புதுப்பிப்பு: வேறு சபையில் ஊழியம் செய்யும் மூப்பரின் உறுப்பினர் பதிவு

பெங்களூரு பிரேசர் டவுன் சபை உறுப்பினரான எங்கள் மூப்பர் (கிறிஸ்தவ சபையின் மூத்த பொறுப்பாளர்), ஒயிட்ஃபீல்டு தமிழ்ச் சபையைக் கவனித்துக்கொள்கிறார். அவர் பெயர் எந்தச் சபையின் உறுப்பினர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

உறுப்பினர் மாற்றச் சான்றிதழ் வாங்காமல் தாய்ச் சபையான பிரேசர் டவுனிலேயே பெயரை வைத்திருக்கச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. அந்தப் பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் ஊழிய இடத்தையும் தொடங்கிய தேதியையும் எழுதினோம். ஒயிட்ஃபீல்டில் பொறுப்பாளர் பட்டியலில் மட்டும் பெயர். சந்தாவும் வாக்காளர் பட்டியலும் பழைய இடத்தில்தான். இரண்டிலும் சேர்த்தால் ஆண்டறிக்கையில் ஒருவர் இருவராகிவிடுவார்!

எதிர்பாராமல் வந்தது அவர் மகளின் திருமணம். திருமணத்துக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்கும் ஓலையை மூன்று ஞாயிறும் எங்கே வாசிப்பது? குடும்பப் பதிவு உள்ள தாய்ச் சபையில்தான் என்றார் ஆயர். ஒயிட்ஃபீல்டில் வெறும் அறிவிப்புதான்; அங்குள்ள பெரியவர்களுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.