தென்னாப்பிரிக்கப் பூவும் நம்மூர் மழையும்: வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

செந்தூல்வாசி:
புரோட்டியா, அதுவும் ராஜ புரோட்டியா. சுங்கை பூலோ பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். "காலை மாலை தண்ணீர், மாதம் ஒரு பிடி எலும்புத்தூள், வேறொன்றும் வேண்டாம்" என்று கடைக்காரர் கற்பூரம் அடிக்காத குறையாகச் சொல்லி அனுப்பினார். நவம்பர் மழையில் மண் சொதசொதவென்று ஈரமாக இருக்க, இலை மட்டும் விளிம்பிலிருந்து கருகிக்கொண்டே வந்தது. ஒரு நாள் தொட்டியை நகர்த்தத் தண்டைப் பிடித்தேன். தண்டு கையோடு வந்துவிட்டது, வேர் மண்ணிலேயே நின்றுவிட்டது. அடியில் புளித்த கஞ்சி வாடை. இந்த வெயிலூரில் இதை ஏன் விற்கிறார்கள்?

பிரிக்பீல்ட்ஸ் மாடித்தோட்டம்:
மழையைத் திட்டாதீர்கள் தம்பி, எலும்புத்தூள்தான் எமன். புரோட்டியாவின் சொந்த ஊரான தென்னாப்பிரிக்கக் கேப் பகுதி மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகக் குறைவு. இருக்கும் துளியையும் உறிஞ்சத்தான் புரோட்டியா கொத்துக்கொத்தாக மெல்லிய வேர் விடுகிறது. அந்த வேருக்கு எலும்புத்தூளாகப் பிடிப்பிடியாக மணிச்சத்து கொடுத்தால் நஞ்சுதான். அடுத்த முறை பாதிக்குமேல் பருமணல் கலந்த, புளிப்புத்தன்மையுள்ள கலவையில் நடுங்கள். மண்புழு உரம், ஆட்டெரு எதுவும் வேண்டாம். வேரைக் கிளறாதீர்கள். மழை படாத ஓரமாக, காற்றோட்டமாக வையுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே கூடாது. நான் வளர்த்தது லாவெண்டர், போய்விட்டது.

ஆயர் ஈத்தாம் பதினோராம் மாடி:
அக்கா சொல்வது பாதிதான் சரி. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை காய்ந்து கிடக்கும். இங்கே சூடும் ஈரமும் ஒன்றாக வருகின்றன. வேரழுகலுக்கு அதைவிட என்ன வேண்டும்? எலும்புத்தூள் போடாமலும் சாகும்.

என்னிடம் இருந்தது ஆஸ்திரேலியாவின் தென்மேற்கிலிருந்து வந்த கங்காரு பாதம் என்ற பூச்செடி. தைப்பூசத்தை ஒட்டிப் பினாங்கில் வானம் வெளுத்திருக்கும் நாள்களில் ஒரே ஒரு தண்டு விட்டது. துணி காயப்போடப் போனால் அதில் தேன்சிட்டு! கம்பளி மயிர் போர்த்த பூக்குழலுக்குள் அலகை நுழைத்து எடுத்தபோது நெற்றியில் மஞ்சளாக மகரந்தம். சொந்த ஊரில் வேறு பறவைகள் செய்யும் வேலையை நம்மூர்ச் சிட்டு யாரிடம் கற்றது? படம் எடுப்பதற்குள் பறந்துவிட்டது. வீட்டில் இன்றுவரை யாரும் நம்பவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் மாடித்தோட்டம்:
நான் நம்புகிறேன். ஆனால் அது உங்கள் மாடியின் மகிமை இல்லை ஐயா. ஃபிளாவிடஸ் என்ற உயர வகையின் கலப்பாக இருக்கும். ஈரத்தை ஓரளவு தாங்குவது அதுதான். இலையில் மை சிந்தினாற்போல் கறுப்பு வந்திருக்கிறதா, பார்த்தீர்களா? வந்திருந்தால் அடியோடு வெட்டிவிடுங்கள்.

ஆயர் ஈத்தாம் பதினோராம் மாடி:
வந்திருக்கிறது. வெட்ட மனம் வரவில்லை.