26,000 கேட்போமா, 400 போதுமா?

கரோல்பாக்காரன்:
குறைந்தபட்சக் கூலி பற்றி 2024 மக்களவைத் தேர்தல் அறிக்கைகளை மறுபடி எடுத்துப் படித்தேன். காங்கிரஸ் நாடு முழுவதும் நாளுக்கு 400 ரூபாய் குறைந்தபட்சக் கூலி என்றது, மார்க்சிஸ்ட் கட்சி மாதம் 26,000 என்றது, பாஜக தேசிய அடிப்படைக் கூலியை (மாநிலங்களுக்கு மத்திய அரசு சொல்லும் கீழ்வரம்பை) அவ்வப்போது பரிசீலிப்போம் என்றதோடு சரி, தொகையே இல்லை. நான் 26,000 பக்கம். டெல்லியில் வாடகையும் கொடுத்துப் பிள்ளையையும் படிக்க வைக்க அதற்குக் கீழே முடியாது.

ஓக்லா பட்டறை:
அண்ணே, என்னிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். 2024 அக்டோபரிலேயே டெல்லியில் சாதாரண உதவியாள் வேலைக்கு மாதக் குறைந்தபட்சக் கூலி 18,066 ஆகிவிட்டது. யமுனைக்கு அந்தப் பக்கம், உத்தரப்பிரதேசத்து நொய்டாவில் இதைவிட எவ்வளவோ குறைவு, ஆர்டர் கொடுக்கிறவர் பாலத்தைத் தாண்டிப் போய்விடுவார். 26,000 வந்தால் இரண்டு பேரை நிறுத்தத்தான் வேண்டியிருக்கும், அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

கரோல்பாக்காரன்:
அந்த நொய்டா பிரச்சினைக்குத்தான் நாடு முழுவதும் ஒரே அடிப்படைக் கூலி கேட்கிறோம். மத்திய அரசு அறிவித்த அடிப்படைக் கூலி 2017இல் நாளுக்கு 176, 2019இல் 178. இரண்டு வருடத்துக்கு இரண்டு ரூபாய்! அதே 2019இல், குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட அரசே அமைத்த சத்பதி குழு நாளுக்கு 375 என்று சொல்லியிருந்தது.

ஓக்லா பட்டறை:
400ஐ 26 நாளால் பெருக்குங்கள், 10,400 வருகிறது. நொய்டாவில் 2024இலேயே ஏறக்குறைய அவ்வளவு இருந்தது, அதனால் என் நிலைமை மாறாது. மத்தியப் பிரதேசத்தில் வயல் வேலைக்குப் போகிறவருக்கு அது பெரிய தொகை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

மயூர்விஹார் அக்கா:
நீங்கள் இருவரும் அறிவிப்பில் இருக்கிற தொகையைப் பேசுகிறீர்கள் தம்பி. நான் ஒரு அலுவலகத்தில் காண்டிராக்டில் துப்புரவு வேலை பார்த்தேன். முழுச் சம்பளமும் வங்கியில் ஏறும், மறுநாள் சூப்பர்வைசர் ஏடிஎம் வாசலில் நின்று ஐந்தாயிரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார், கொடுக்காதவளுக்கு அடுத்த மாதம் வேலை இல்லை. 2017இல் டெல்லியின் ஆம் ஆத்மி அரசு குறைந்தபட்சக் கூலியை 37 சதவீதம் ஏற்றியது, முதலாளிகள் வழக்குப் போட்டு 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தில் ரத்து வாங்கினார்கள், அப்புறம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த உயர்வுக்கு வழிவிட்டது. அத்தனை போராட்டத்துக்கும் பிறகு என் கையில் நின்றது பழைய சம்பளம்தான். இப்படிப் பிடுங்குகிற காண்டிராக்டரின் உரிமத்தை ரத்து செய்வோம் என்று எந்தக் கட்சி முதலில் எழுதுகிறதோ, அதற்குத்தான் என் ஓட்டு.

ஓக்லா பட்டறை:
அக்கா, இதில் உங்கள் பக்கம்தான் நானும். முழுக் கூலி கொடுக்கிற என்னைவிட அந்த ஆள் குறைந்த விலை சொல்லி வேலையை எடுத்துக்கொண்டு போகிறார். ஆனால் 26,000 மட்டும், நொய்டாவுக்கும் குருகிராமுக்கும் அதே நாளில் வராதவரை, என்னால் முடியாது.