அம்மாவின் வாய்ப்புண் மூன்று மாதமாக ஆறவில்லை

வெள்ளவத்தையிலிருந்து:

அம்மாவுக்குக் கன்னத்தின் உட்புறத்தில்தான் தொடங்கியது. முதலில் சம்பல் எரிந்தது. பிறகு சொதியில் ஊறிய இடியப்பமும் எரிந்தது. விற்றமின் குறைவு என்றார் ஒருவர், பொய்ப்பல் உரசுகிறது என்றார் இன்னொருவர். மூன்று மாதம் ஓடிவிட்டது. ஒரு நாள் குளிக்க வார்த்து முதுகைத் துடைத்தேன்; துவாயோடு தோல் வழன்று வந்தது. என் கைதான் கிழித்துவிட்டது என்று அன்றிரவெல்லாம் அழுதேன்.

தோல் நோய் வைத்திய நிபுணர், கொப்புளத்துக்குப் பக்கத்தில் நலமாகத் தெரிந்த தோலை விரலால் அழுத்தித் தள்ளினார். அதுவும் வழுகியது. அதற்கு நிக்கொல்ஸ்கி அறிகுறி என்று பெயராம். தோலில் சிறு துண்டு வெட்டிச் சோதித்த பயொப்சியில் பெம்பிகஸ் வல்காரிஸ் என்ற தோல் நோய் என்று உறுதியானது.

பிள்ளைகள் கைகோத்து நிற்பதுபோல மேற்றோலின் கலங்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன என்று அவர் தாளில் வரைந்து காட்டினார். கோத்த விரல்கள்தான் டெஸ்மோகிளீன் என்னும் புரதம். கிருமிகளை எதிர்க்கவென்று உடலே உண்டாக்கும் பிறபொருளெதிரி, தவறிப்போய் அந்த விரல்களில் போய் ஒட்டிக்கொள்ள, பிடி விடுபடுகிறது. தனித்துப்போன கலங்கள் உருண்டுவிடுகின்றன. இடைவெளியில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது. அடி வரிசைக் கலங்கள் மட்டும் வேறொரு பிணைப்பால் கீழே பற்றிக்கொண்டு அப்படியே நிற்கின்றன.

வாயில் ஏன் முதலில் வந்தது என்று கேட்டேன். வாயின் உட்புறம் பெரும்பாலும் மூன்றாம் வகை டெஸ்மோகிளீனையே நம்பியிருக்கிறது. தோலில் முதலாம் வகையும் உண்டு. மூன்றாவது தாக்கப்பட்டாலும் முதலாவது தாங்கிப் பிடிக்கும். இரண்டையும் தாக்கும் பிறபொருளெதிரிகள் உண்டானால் தோலும் விடுகிறது. வாய்ப்புண்ணோடு நாங்கள் கழித்த அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

அம்மாள் வருத்தம், அதாவது அம்மை நோய், என்று பயந்து பக்கத்து வீட்டு மாமி வருவதை நிறுத்திவிட்டார். இது தொற்றவே தொற்றாது. அவரிடம் நானே போய்ச் சொன்னேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அக்கா, நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன். பெம்பிகஸ் வந்தவரின் தோல் துண்டுக்கு, பிறபொருளெதிரியைக் காட்டும் ஒளிரும் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒவ்வொரு கலத்தையும் சுற்றிப் பச்சைக் கோடு, விரித்த மீன்வலை போலத் தெரியும். அந்தச் சோதனைக்குரிய தோல் துண்டைக் கொப்புளத்தின் ஓரத்து நல்ல தோலிலிருந்து எடுக்க வேண்டும். வழக்கமாகத் திசுவைப் பதப்படுத்தும் ஃபோர்மலின் திரவத்தில் போடக் கூடாது. ஒரு முறை அப்படிப் போட்டு அனுப்பியதால், ஒரு முதியவரிடம் மீண்டும் வெட்டி எடுக்க நேர்ந்தது. அவர் முனகியது இன்னும் காதில் இருக்கிறது. அவருக்குக் கொப்புளங்கள் இறுக்கமாக, எளிதில் உடையாதவையாக இருந்தன. பச்சைக் கோடும் வலையாக இல்லாமல் மேற்றோலின் அடியில் ஒற்றை வரியாக ஓடியது. அது பெம்பிகொயிட் என்ற வேறு நோய், அங்கே விடுபடுவது கலத்துக்கும் அடித்தளத்துக்கும் இடையிலான பிடி.

தெமட்டகொடையிலிருந்து:

எனக்கும் பெம்பிகஸ்தான், தங்கை. ஸ்டீரொய்ட் வருவதற்கு முன் இந்த நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொய்ட் என்னைக் காப்பாற்றியது, இரத்தத்தில் சீனியையும் ஏற்றியது. அதை நினைத்தபோது நிறுத்திவிடாதீர்கள். வைத்தியர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பிறகு இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை ரிட்டுக்சிமாப் என்ற மருந்தை ஏற்றினார்கள். பிறபொருளெதிரியை உண்டாக்கும் கலங்களின் மூலத்தையே அது அழிக்கிறது. போன தைப்பொங்கலுக்கு முறுக்குக் கடித்தேன். அம்மா பல் துலக்க என்ன பாவிக்கிறார்?

வெள்ளவத்தையிலிருந்து:

சிறு பிள்ளைகளின் மெல்லிய பிரஷ், அக்கா. அதையும் சுடுநீரில் நனைத்த பிறகுதான் கொடுக்கிறேன்.