புதுப்பிப்பு: டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்

மூன்று மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: செவிலியர் படிப்பு முடித்த என்னை மலைக்கிராம ஊழியத்துக்குக் கர்த்தர் அழைப்பதாக உணர்கிறேன், ஆனால் பயந்து வளைகுடா வேலைக்கு விண்ணப்பித்துவிட்டேன், இது தவறா என்று.

விசா தடையின்றி வந்தது. இதுவே தேவ சித்தம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் உங்களில் ஓர் அக்கா, "யோப்பாவில் யோனாவுக்கும் கப்பல் தயாராகத்தானே நின்றது, தங்கச்சி?" என்று எழுதியிருந்தார். கர்த்தர் அனுப்பிய இடத்துக்குப் போகாமல் ஓடிய தீர்க்கதரிசி யோனா, யோப்பா துறைமுகத்தில்தான் கப்பல் ஏறினார். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. வழி திறந்திருப்பதையே அழைப்பு என்று எண்ணிவிட்டேனே!

அப்போதுதான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரை நினைத்தேன். மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தும் அந்த வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். மருத்துவரான அவருடைய தந்தை ஆண் என்பதால் அவரை அழைத்துப்போக மறுத்தார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா சென்று, 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, வேலூருக்கு வந்தார். முதலில் அவருடைய மருத்துவமனையில் ஒரே ஒரு படுக்கைதான்.

எனக்கு அப்படி ஓர் இரவு வரவில்லை. "இரண்டாந்தரம்" கர்த்தருடைய வார்த்தை யோனாவுக்கு உண்டானது என்ற வசனத்தில் மட்டும் வெகுநேரம் அழுதேன். ஓடியவனை அவர் தள்ளிவிடவில்லை.

அப்பா இன்னும் பேசவில்லை. படிப்புக் கடன் பாக்கி இருக்கிறது, அவருடைய கோபம் நியாயமானது. திங்கட்கிழமை மலைக்குப் போகிறேன். அப்பாவுக்காக ஜெபியுங்கள்.