மருத்துவமனை நிர்வாகம் படித்தவர்களே, இன்னும் உறுத்துகிற ஒரு நாள் உண்டா? புனைபெயரிலேயே எழுதுங்கள்.

மலைப்பாதை

நான்கு மாதமாக இதை யாரிடமாவது கொட்டிவிட வேண்டும் என்று இருக்கிறேன். எம்.பி.ஏ. மருத்துவமனை நிர்வாகம், கடைசிப் பருவம், சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் புராஜெக்ட். தலைப்பு எல்லோரும் எடுக்கிற அதே டிஸ்சார்ஜ் தாமதம்தான். மருத்துவர் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்ன நிமிடத்திலிருந்து வாசல் சீட்டு கைக்கு வரும்வரை கட்டம் கட்டமாக மணி குறிப்பது. உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

37ஆம் நோயாளி. ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம், குடலிறக்க அறுவை சிகிச்சை, ரொக்கம் கட்டியவர். கூட இருந்தது மனைவி மட்டும். காலை 9.40க்கு மருத்துவர் போகச் சொல்லிவிட்டார். 11.05க்கு டிஸ்சார்ஜ் சுருக்கம் தயார். 11.50க்கு மீந்த மருந்தை ஃபார்மசி திரும்ப எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டது. அங்கிருந்து ஃபைல் பில் பிரிவுக்குப் போக வேண்டும். போயிற்று. ஆனால் அதை வாங்கவேண்டியவர் அந்நேரம் இடத்தில் இல்லை. கொண்டுவந்த பையன் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அதன் மேல் யாரோ ஒரு காலண்டர் அட்டையை வைத்தார்கள். நான் ஐந்தடி தள்ளி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இடப்பட்டிருந்த கட்டளை: பார்ப்பவன் குறுக்கிடக் கூடாது, குறுக்கிட்டால் தரவு கெட்டுவிடும்.

ஒரு மணி வாக்கில் அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார். கையில் பேனாவும் அட்டையுமாக இருந்தவன் நான் ஒருவன்தான். நான்தான் எல்லோரையும் அனுப்பிவைக்கிறவன் என்று நினைத்திருக்க வேண்டும். "எங்கள் பெயர் வந்துவிட்டதா, கண்ணு?" என்று கேட்டார். என் தாளில் பெயரே கிடையாது, 37 என்ற எண்தான். "வரும் அம்மா, உட்காருங்கள்" என்றேன். அவர் "சரி கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அந்த "சரி"தான் இன்னும் காதில் இருக்கிறது.

ஃபைலை 2 மணிக்குக் கண்டுபிடித்தார்கள். வாசல் சீட்டு 4.20க்கு. மொத்தம் 400 நிமிடம். மற்ற 59 பேரின் சராசரி 190.

ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்க வந்தபோதுதான் மீதி தெரிந்தது. மலையேறி ஏற்காட்டில் போய் இறங்கும்போது ஊருக்குப் போகிற கடைசி பஸ் போய்விட்டதாம். புதுத் தையலோடு மனிதர் ஒரு கடைத் திண்ணையில் படுத்திருந்திருக்கிறார். மார்கழி. "அன்றைக்குக் குளிர் கொஞ்சம் கூடுதல்தான்" என்றார் அந்த அம்மா. குறையாகச் சொல்லவில்லை, ஊர்ச் செய்தி போலச் சொன்னார்.

அட்டவணையைப் பார்த்த என் வழிகாட்டி ஆசிரியர் 37ஆம் வரிசையைச் சுட்டி, "இது ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது, எடுத்துவிடுங்கள்" என்றார்.

இராப்பணி

பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு எம்.எச்.ஏ. (மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் படிப்பு) சேர்ந்தவள். பயிற்சிக்காக ஓர் அரசு மருத்துவமனையில் நள்ளிரவுக் கணக்கு, அதாவது எத்தனை கட்டிலில் நோயாளி இருக்கிறார் என்ற எண்ணிக்கை, எடுக்கப் போனேன். எது என்று சொல்லமாட்டேன். படுக்கை நிரப்பு விகிதம் நூற்றைத் தாண்டினால் வகுப்பில் "கணக்கு தவறு" என்பார்கள். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்த வார்டை அவர்கள் பார்த்ததில்லை.

14ஆம் கட்டிலில் ஒரு பெரியவர், கீழே பாயில் அவர் மகன். கட்டிலில் ஒருவர் என்று எழுதிக்கொண்டு நகர்ந்தேன். காலையில்தான் தெரிந்தது, நோயாளி மகன். மேட்டூரிலிருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் வந்த அப்பாவுக்கு இடுப்பு வலி என்று கட்டிலைக் கொடுத்துவிட்டு, ஊசி குத்திய கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு கீழே படுத்திருக்கிறான்.

கணக்கில் பிழையே இல்லை. கட்டில் ஒன்று, ஆள் ஒன்று. ஆனால் நர்ஸாக அந்த வார்டுக்குள் போயிருந்தால் முதலில் கையைப் பிடித்து நாடி பார்த்திருப்பேன். கணக்கெடுக்கப் போனதால் தலையை மட்டும் எண்ணினேன். பன்னிரண்டு வருடப் பழக்கம் ஒரு அட்டையும் பேனாவும் கையில் வந்ததும் எங்கே போயிற்று?

பழைய பில்லிங்

மலைப்பாதை தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். பில் பிரிவில் இருபது வருடம் கழித்தவன் என்பதால் சொல்கிறேன். முதலில், உங்கள் ஆசிரியர் சொன்னது கணக்குப்படியே தவறு. 59 பேருக்கு 190 நிமிடம், ஒருவருக்கு 400 என்றால் 60 பேரின் சராசரி 193.5. மூன்றரை நிமிடத்துக்காகவா ஒரு மனிதரை நீக்குவது? உறுத்தினால் சராசரியோடு இடைநிலை அளவையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கிற எண்) கொடுத்துவிட்டுப் போகலாமே. துருத்திக்கொண்டு நிற்கிற வரிசைதான் புராஜெக்ட். மற்ற 59ஐ யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள்.

இரண்டாவது, எல்லாப் பழியும் பில் பிரிவின் தலையில் விழுகிறது. பாதி நாள் நாங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருப்போம். 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கையைப் படியுங்கள். பணமில்லாச் சிகிச்சைக்கான (நோயாளிக்குப் பதிலாக நிறுவனமே மருத்துவமனைக்குக் கட்டுவது) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில், டிஸ்சார்ஜ் கோரிக்கை போனதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால், அதை நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் டிஸ்சார்ஜ் தாமதம் என்று தலைப்பு எடுக்கிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

மூன்றாவது, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். படித்து முடித்தவுடன் 'தர மேலாளர்' என்று அட்டை தொங்கவிட ஆசைப்படாதீர்கள். முதல் ஆறு மாதம் பில் கவுன்டரில் உட்காருங்கள், அடுத்த ஆறு மாதம் மருந்துக் கிடங்கு. எந்த மருந்துக்குப் பணம் அதிகம் முடங்குகிறது, எந்த மருந்து இல்லாவிட்டால் உயிர் போகும் என்று ஏ.பி.சி.யையும் வி.இ.டி.யையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் தேர்வில் அழகாகக் கட்டம் போட்டிருப்பீர்கள். இருப்பு தீர்ந்த இரவில் அந்தக் கட்டம் எதற்கும் உதவாது. பக்கத்து மருத்துவமனைக் கிடங்குக்காரரின் கைப்பேசி எண்தான் உதவும். டிஸ்சார்ஜை முந்தின நாள் மாலையே திட்டமிடப் பழகுங்கள். மீந்த மருந்தைக் காலை ஏழு மணிக்கே திரும்பக் கொடுத்துவிட்டால் பாதித் தாமதம் போய்விடும். ஃபைலை மேசையில் வைக்கிற பழக்கத்தை ஒழிக்க ஒரே வழி, மேசைக்கு மேசை வாங்கியவர் கையெழுத்து. இதையெல்லாம் புத்தகத்தில் போடமாட்டார்கள்.

என் அனுபவம் என்று கேட்டால்: ஒருமுறை இறந்துபோனவரின் பில்லில் மறுநாளைய காலை உணவைச் சேர்த்துவிட்டேன். அவர் மகன் அதைச் சத்தமாகப் படித்தார். அவ்வளவுதான்.

கொண்டலாம்பட்டி

பழைய பில்லிங் ஐயா, அவர் ரொக்கம் கட்டிய நோயாளி என்று மலைப்பாதை தெளிவாக எழுதியிருக்கிறார். காப்பீட்டு நிறுவனம் இதில் எங்கே வந்தது? ஃபைல் மறைந்து கிடந்தது உங்கள் பிரிவின் மேசையில்தான்.

ஆனால் அந்தக் காலை உணவுக் கதையை நீங்கள் விரிவாக எழுதியிருக்க வேண்டும். மற்றதை விட்டிருக்கலாம்.

தறிவீட்டுப் பெண்

அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் நான் "டாக்டருக்கு மேல்" படித்தவள். பாட்டி கட்டிவிட்ட கதை. டாக்டர்களை வேலை வாங்குகிற படிப்பு என்றால் டாக்டருக்கு மேல்தானே என்பது அவர் தர்க்கம். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் "எனக்கு இது தெரியாது அக்கா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

2022இல் பக்கத்து வீட்டு அக்காவின் மகன் பைக்கில் போய் லாரியில் மோதிவிட்டான். தனியார் மருத்துவமனை, முன்பணம் கேட்டார்கள். அக்கா காலிலிருந்த கொலுசைக் கழற்றிக்கொண்டிருந்தார். செவ்வாய்ப்பேட்டையில் செய்தது, கல்யாணத்துக்குப் போட்டது. ஒரு காலில் திருகு இறுகிவிட்டது. அதைப் பல்லால் கடித்து இழுத்தார். அந்தக் காட்சியில்தான் எனக்கு வாய் திறந்தது.

அதற்கு முந்தின வாரம்தான் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்ற தமிழ்நாடு அரசுத் திட்டம் பற்றி வகுப்பில் கட்டுரை வாசித்திருந்தேன். 2021 டிசம்பரில் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம், அப்போது ஒரு லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் அரசு செலவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்க்கத் தேவையில்லை. வேறு மாநிலத்துக்காரராக இருந்தாலும், தமிழ்நாட்டுக்குள் அடிபட்டால் போதும். கவுன்டரில் போய்க் குரல் நடுங்க, "இந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா?" என்று கேட்டேன். "நீங்கள் யார்?" என்றார். "மருத்துவமனை நிர்வாகம் படிக்கிறேன்" என்றேன். சிரித்தார். ஆனால் உள்ளே போன் போட்டார். இருந்தது. கொலுசு காலுக்கே திரும்பியது.

இதில் என்ன உறுத்தல் என்று கேட்பீர்கள். அன்றிலிருந்து தெரு முழுக்க "அவள் ஒரு வார்த்தை சொன்னால் காசு வாங்கமாட்டார்கள்" என்கிறது. அரசாணை, எல்லோருக்கும் உள்ளது, நீங்களே கேட்கலாம் என்று சொல்கிறேன். "எவ்வளவு அடக்கம் பார்" என்கிறார்கள். போன மாதம் ஒருவர் விபத்து நடந்து நான் வேலையிலிருந்து வரும்வரை மூன்று மணி நேரம் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்.

வெள்ளி ஓக்

நான் ஏற்காட்டில் ஒரு சிறிய மருத்துவமனையில் தரச் சான்றுக்கான வேலைகளைக் கற்றுக்கொண்டேன். 2016 மருத்துவக் கழிவு விதிகள், எந்தக் கழிவு எந்த நிறத்துக்கு என்ற மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம், பார்கோடு எல்லாம் மனப்பாடம். கழிவுப் பிரிப்பில் துப்புரவுப் பணியாளர்களுக்கு நான் பயிற்சி தர வேண்டும் என்று உத்தரவு. இருபத்திரண்டு வயது எனக்கு.

அங்கே ஓர் அம்மா, வயது அறுபதை நெருங்கியிருக்கும். நான் படம் காட்டி முடித்ததும், "நான் சொல்லட்டுமா சாமி?" என்று எழுந்தார். "மஞ்சள் என்றால் சுடுகாட்டுக்குப் போவது. சிவப்பு என்றால் வெந்து மறுபிறவி எடுப்பது. வெள்ளை டப்பாவுக்குள் குத்துகிறது, நீலத்துக்குள் உடைகிறது." அவ்வளவுதான். சதையும் கட்டுத்துணியும் எரிக்கப்படும், பிளாஸ்டிக் குழாய்கள் ஆவியில் வேகவைக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போகும், கூர்மையானவை குத்த முடியாத டப்பாவுக்கு, கண்ணாடி நீலத்துக்கு. நான் நாற்பது நிமிடம் பேசியதை அவர் நான்கு மூச்சில் சொல்லிவிட்டார். மற்றவர்கள் யாரும் அதன் பிறகு தவறாகப் போடவில்லை.

ஒரு ஐப்பசி மழையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மண் சரிந்து, கழிவு எடுக்கும் வண்டி மேலே வரவில்லை. 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது விதி. நான் விதியைச் சொல்லிக் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த அம்மா குப்பனூர்ப் பாதை திறந்திருக்கிறதா என்று பால் வண்டிக்காரரிடம் விசாரித்து வந்து, "வண்டியை அந்தப் பக்கமாக ஏறச் சொல்லுங்கள்" என்றார். ஏற்காட்டுக்கு இருபது வளைவுப் பாதையை விட்டால் இன்னொரு பாதை இருக்கிறது என்பது சேலத்திலிருந்து வந்த எனக்குத் தோன்றவே இல்லை.

தணிக்கை நாளில் பதிவேட்டைக் காட்டினோம். 'பயிற்சி அளித்தவர்' என்ற இடத்தில் என் பெயர். 'பயிற்சி பெற்றவர்' என்ற இடத்தில் அவருடைய கைநாட்டு. நான்தான் மையை அவர் விரலில் தடவினேன். தணிக்கையாளர் பாராட்டியது என்னை. அந்த அம்மா பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

பழைய பில்லிங்

கொண்டலாம்பட்டி, ரொக்கம் என்பதைக் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காப்பீட்டைப் பற்றி நான் சொன்னது பொதுவாகச் சரிதான்.

வெள்ளி ஓக், அந்தப் பதிவேட்டை இப்போதும் திருத்தலாம். பழைய பதிவை அடிக்காமல், அடுத்த பயிற்சியில் அவர் பெயரை மேலே எழுதுங்கள். பயிற்சி அளிப்பவருக்குப் பட்டம் வேண்டும் என்று எந்த விதியிலும் நான் பார்த்ததில்லை.

வெள்ளி ஓக்

ஓய்வு பெற்றுப் போய்விட்டார் ஐயா.

இராப்பணி

மலைப்பாதை, கடைசியில் அந்த வரிசையை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே.

மலைப்பாதை

நீக்கினேன். ஆனால் முதல் அத்தியாயத்தில் '60 நோயாளிகள்' என்று முன்பே தட்டச்சு செய்திருந்ததை மாற்றவில்லை. மறந்தேனா, வேண்டுமென்றே விட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. அட்டவணையில் 36க்குப் பிறகு 38 வருகிறது. வாய்மொழித் தேர்வில் மூன்று பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டினார்கள். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.